என்.எஃப்.1 நோயில் முதுகெலும்பு இணைப்பு அறுவை: எலும்பு ஒட்ட மருந்துகள் உதவுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்.எஃப்.1 தோலில் வரும் நோய்தானே? முதுகெலும்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தோலில்தான் முதலில் தெரிகிறது என்பதால் அப்படி நினைப்பது இயல்பு. நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1 என்னும் இந்த மரபணு நோய் உள்ள குழந்தையின் உடலில் பெற்றோர் கண்ணில் முதலில் படுபவை, பால் தாராளமாக விட்ட காப்பியின் நிறத்தில் இருக்கும் தட்டையான திட்டுகள். வளர வளர, நரம்புகளை ஒட்டி மெத்தென்ற கட்டிகள் தோன்றுகின்றன. ஜெர்மன் நோய்க்குறியியலாளர் ஃபான் ரெக்லிங்ஹவுசன் 1882இல் இந்தக் கட்டிகள் நரம்பிலிருந்து பிறப்பதை விவரித்ததால், பழைய மருத்துவச் சீட்டுகளில் அவர் பெயரே நோயின் பெயராக இருப்பதைக் காணலாம். ஏறத்தாழ 3,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகிறது. அவர்களில் பாதிப் பேருக்குத் தாய் தந்தை இருவரிடமும் இந்த மாற்றம் இருப்பதில்லை, புதிதாகத் தோன்றியதாகவே இருக்கிறது. ஆகவே 'யார் வழியில் வந்தது' என்று வீட்டுக்குள் நடக்கும் விசாரணைக்குப் பல வீடுகளில் பொருளில்லை.

எலும்பும் இந்த நோயின் களம்தான். என்.எஃப்.1 உள்ளவர்களில் 10 முதல் 30 சதவீதம் பேருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. 'கூன்' என்ற நம் சொல் முன்பக்கம் குனிந்த வளைவை மட்டுமே குறிக்கும்; இங்கே பேசுவது பக்கவாட்டு வளைவைப் பற்றி. ஆனால் கடுமையான நேர்வுகளில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

எல்லா வளைவுகளுக்கும் அறுவை தேவைப்படுமா?

இல்லை. என்.எஃப்.1இல் இரண்டு விதமான வளைவுகள் உண்டு. ஒன்று, வேறு நோய் எதுவும் இல்லாத பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வரும் சாதாரண வளைவைப் போலவே நடந்துகொள்வது. மற்றொன்று 'சிதைவு வகை' என்று சொல்லத்தக்கது. இதில் நான்கு முதல் ஆறு எலும்புகளுக்குள் வளைவு கூர்மையாக ஒடிந்து திரும்புகிறது. முள்ளெலும்புகளின் ஓரங்கள் கரண்டியால் குடைந்தெடுத்ததுபோல் குழிகின்றன. விலா எலும்புகள் பென்சில் நுனிபோல் மெலிகின்றன. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறை பலூன்போல் உப்புகிறது. இந்த வகையைப் பட்டை கட்டி நிறுத்த முடிவதில்லை. சிறு வயதில் சாதாரண வகையாகத் தெரிந்த வளைவு சில ஆண்டுகளில் சிதைவு வகையாக மாறுவதும் உண்டு என்பதால், ஒரு முறை எடுத்த எக்ஸ்ரேயை நம்பிப் பல ஆண்டுகள் இருந்துவிடக் கூடாது.

சிதைவு வகை வளைவு 20 டிகிரியைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்தால் இணைப்பு அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். முன்கூனும் சேர்ந்து 50 டிகிரியைக் கடந்திருந்தால், முதுகுப் பக்கம் மட்டும் செய்வது போதாது, முன்பக்கத்திலும் இணைக்க வேண்டும் என்பது பல பத்தாண்டு அனுபவத்தில் கிடைத்த பாடம். மிகச் சிறிய குழந்தைகளுக்கு, வளர வளர நீட்டக்கூடிய கம்பிகளைப் பொருத்தி, இணைப்பைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவதும் உண்டு.

இணைப்பு அறுவையில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? கம்பியும் திருகும்தானே முதுகைப் பிடித்து நிறுத்துகின்றன?

இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாக் கேள்விகளும் இதைச் சார்ந்தவை என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸும் ஃபிரெட் ஆல்பியும் 1911இல் முதுகெலும்பு இணைப்பைத் தனித்தனியே வெளியிட்டபோது கம்பியும் இல்லை, திருகும் இல்லை. எலும்பை எலும்போடு ஒட்டவைப்பதுதான் அன்றும் இன்றும் அறுவையின் நோக்கம். முள்ளெலும்புகளின் மேல்தோடு சீவப்படுகிறது. உள்ளிருந்து இரத்தம் புள்ளிபுள்ளியாகக் கசியும் வரை சீவுகிறார்கள், ஏனெனில் அந்தக் கசிவில்தான் புது எலும்பை உண்டாக்கும் செல்கள் வருகின்றன. அதன்மேல் இடுப்பெலும்பிலிருந்தோ எலும்பு வங்கியிலிருந்தோ எடுத்த சிறு எலும்புத் துண்டுகளைப் பரப்புகிறார்கள். அடுத்துவரும் மாதங்களில் இந்தத் துண்டுகளும் முள்ளெலும்புகளும் உருகி ஒன்றாகி ஒரே பாளமாக வேண்டும்.

கட்டடத்தில் கான்கிரீட் இறுகும்வரை முட்டுக் கொடுப்பதைப் போன்றதுதான் கம்பியின் வேலை. எலும்பு இறுகாவிட்டால், ஒவ்வொரு அசைவிலும் நுண்ணளவு வளைந்து வளைந்து கம்பி ஒருநாள் ஒடியும், அல்லது மெலிந்த எலும்பிலிருந்து திருகு பிடுங்கிக்கொண்டு வரும். இணையாமல் நிற்கும் அந்த இடத்தைப் 'போலி மூட்டு' என்கிறார்கள். என்.எஃப்.1இன் சிதைவு வகை வளைவுகளில் போலி மூட்டு உண்டாவது மற்ற வளைவுகளைவிட மிக அதிகம். மருந்தைப் பற்றிய பேச்சு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

என்.எஃப்.1 உள்ளவர்களின் எலும்பு ஏன் ஒட்ட மறுக்கிறது?

17ஆம் குரோமோசோமில் உள்ள என்.எஃப்.1 மரபணுவை 1990இல் கண்டறிந்தார்கள். அது உருவாக்கும் நியூரோஃபைப்ரோமின் என்னும் புரதம், செல்லுக்குள் 'வளர், பெருகு' என்று கட்டளையிடும் ராஸ் என்ற புரதத்தை அணைத்துவைக்கும் வேலையைச் செய்கிறது. அது குறையும்போது ராஸ் அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. அதன் கீழே மெக், எர்க் என்ற புரதங்கள் வழியாகக் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இதன் விளைவு எலும்பில் இரு முனைகளிலும் தாக்குகிறது. எலும்பைக் கட்ட வேண்டிய ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் முழுமையாக முதிர்வதில்லை. எலும்பாக வேண்டிய இடத்தில் நார்த்திசு நிரம்புகிறது. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களோ வழக்கத்தைவிட அதிகமாகவும் சுறுசுறுப்பாகவும் இருக்கின்றன. ஆக, கட்டும் கை தளர்ந்திருக்கிறது, இடிக்கும் கை வலுத்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் வரும் போலி மூட்டிலிருந்து எடுத்த திசுவில், மரபணுவின் நல்ல பிரதியும் அந்த இடத்தில் மட்டும் கெட்டுப்போயிருப்பதைச் சில நோயாளிகளிடம் கண்டிருக்கிறார்கள். ஒரு பிரதி கெட்டாலே எலும்பு மந்தமாகிறது; இரண்டும் கெட்ட இடத்தில் கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது.

ஒரு முனையை மட்டும் சரிசெய்யும் மருந்து ஏன் ஏமாற்றமளிக்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

பி.எம்.பி. என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது என்ன?

எலும்பு உருவாக்கப் புரதம் என்று இதைச் சொல்லலாம். கனிமத்தை நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயும் புது எலும்பு முளைக்கிறது என்பதை அமெரிக்காவின் மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் காட்டினார். அதற்குக் காரணமான புரதங்களுக்கு வந்த பெயர் இது. ஆய்வகத்தில் தயாரிக்கப்படும் பி.எம்.பி.-2ஐ, பெரியவர்களின் கீழ்முதுகில் முன்பக்க இணைப்புக்காக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002இல் அனுமதித்தது.

இது ஊசியாகப் போடுவதோ மாத்திரையாக விழுங்குவதோ அல்ல. கொலாஜன் என்னும் புரதத்தாலான, மெல்லிய அட்டைபோன்ற பஞ்சின்மேல் மருந்துக் கரைசலைச் சீராகச் சொட்டிவிட்டுக் குறைந்தது 15 நிமிடம் காத்திருக்கிறார்கள். புரதம் பஞ்சின் இழைகளில் பிடித்துக்கொள்ள அந்த நேரம் தேவை. பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் பஞ்சை இணைய வேண்டிய எலும்புகளுக்கு இடையில் வைத்துவிட வேண்டும். அவசரத்தில் பஞ்சை அழுத்திப் பிழிந்தால் மருந்து வேண்டாத இடத்துக்கு வழியும்.

பி.எம்.பி. கட்டும் கையை உசுப்பிவிடுகிறது. ஆனால் அதே வேளையில் எலும்பு அரிக்கும் செல்களையும் அது எழுப்பிவிடுவதால், ஏற்கெனவே இடிக்கும் கை வலுத்திருக்கும் என்.எஃப்.1 உடலில் கட்டிய எலும்பின் ஒரு பகுதி உடனே கரைந்துபோகிறது.

அப்படியானால் அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உள்ள ஆய்வாளர்கள் இதையேதான் கேட்டார்கள். 2014இல் வெளிவந்த அவர்களின் எலி ஆய்வில், என்.எஃப்.1 மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ள எலிகளையும் சாதாரண எலிகளையும் எடுத்து, முதுகெலும்பின் இரு பக்கமும் பி.எம்.பி.-2 ஊறிய கொலாஜன் பஞ்சை வைத்தார்கள். பாதி எலிகளுக்கு வாரம் இரு முறை, கிலோ எடைக்கு 0.02 மி.கி. என்ற கணக்கில் சோலெட்ரோனிக் அமிலம் கொடுத்தார்கள்; மீதி எலிகளுக்கு வெறும் உப்புநீர். சோலெட்ரோனிக் அமிலம் பிஸ்பாஸ்போனேட் வகையைச் சேர்ந்தது. அது எலும்பின் கனிமத்தில் ஒட்டிக்கொண்டு, அரிக்க வரும் செல்லுக்குள் புகுந்து அதன் இயக்கத்தை முடக்குகிறது.

இரண்டு மருந்தும் பெற்ற எலிகளில், பி.எம்.பி. மட்டும் பெற்றவற்றோடு ஒப்பிட்டால், இணைப்புப் பாளத்தின் எலும்பு அளவு இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது; அடர்த்தியும் கூடியது. என்.எஃப்.1 எலிகளில் மிகுந்திருந்த அரிக்கும் செல்கள் குறைந்தன. ஆனால் இந்த ஆய்வைப் பற்றிப் பேசுபவர்கள் அடிக்கடி விட்டுவிடும் இன்னொரு முடிவும் அதில் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் என்.எஃப்.1 எலிகள் சாதாரண எலிகள் அளவுக்கு எலும்பு கட்டவில்லை. இடிக்கும் கையைக் கட்டிப்போட்டாலும் கட்டும் கையின் தளர்ச்சி அப்படியேதான் இருக்கிறது.

எலியில் சரி, மனிதர்களிடம்?

மனிதர்களின் முதுகெலும்பில் இந்த இரட்டை மருந்தை வலுவாக நிறுவும் பெரிய ஆய்வை ஆதாரமாகக் காட்டி, 'எல்லோருக்கும் இதைக் கொடுங்கள்' என்று இன்று யாரும் சொல்ல முடியாது. பி.எம்.பி.யும் பிஸ்பாஸ்போனேட்டும் சேர்ந்து, என்.எஃப்.1 குழந்தைகளின் கால் எலும்புப் போலி மூட்டில் சிறு எண்ணிக்கையில் பயன்படுத்தப்பட்டு, நம்பிக்கை தரும் அனுபவங்கள் பதிவாகியுள்ளன. முதுகுக்கு அதை நீட்டிப் பார்ப்பது தர்க்கத்துக்கு உகந்தது. நிரூபணம் என்று அதைச் சொல்லக் கூடாது. எலிக்கு வாரம் இரு முறை கொடுத்த மருந்தைக் குழந்தைகளுக்குப் பொதுவாகப் பல மாதங்களுக்கு ஒரு முறைதான் கொடுக்கிறார்கள் என்ற வேறுபாடு ஒன்றே, எலியின் கணக்கை அப்படியே தூக்கிவர முடியாது என்பதற்குப் போதும்.

எப்போது கொடுப்பது என்பதும் சிறிய விஷயமல்ல. எலும்பு முறிவை வைத்து விலங்குகளில் செய்த ஆய்வுகளில், முறிந்த உடனே கொடுத்ததைவிட ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்துக் கொடுத்த சோலெட்ரோனிக் அமிலம் கூடுதல் பலன் தந்தது. புது எலும்பு முளைத்த பிறகு கொடுத்தால் மருந்து அதன்மேலேயே சென்று படியும் என்பது அதற்கான விளக்கம்.

சோலெட்ரோனிக் அமிலம் ஏற்றும் நாள் எப்படி இருக்கும்?

கையில் ஊசி குத்தி, குறைந்தது 15 நிமிடம், குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அதைவிட மெதுவாக, சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். ஏற்றும்போது எதுவும் தெரியாது. அன்று இரவோ மறுநாளோ காய்ச்சலும் உடல்வலியும் வந்து, ஃபுளூ வந்ததுபோல் பிள்ளை சுருண்டு படுத்துக்கொள்ளக்கூடும். முதல் தவணையில்தான் இது அதிகம். பாரசிட்டமாலுக்கு அடங்கி இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது இரத்தத்தில் கால்சியம் சரிவது. உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, விரல்கள் இழுத்துக்கொள்வது ஆகியவை அதன் அடையாளங்கள்; உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பதால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டே மருந்தை ஏற்றுகிறார்கள். சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்ப்பார்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முன்பே முடித்துவிடுவது நல்லது. தாடை எலும்பு அழுகும் பின்விளைவு குழந்தைகளிடம் மிக அரிது, ஆனாலும் முன்னெச்சரிக்கைக்குச் செலவில்லை. இந்த மருந்து எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும். பெண் பிள்ளைகளின் பெற்றோர் எதிர்காலக் கருத்தரிப்பைப் பற்றியும் மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

பி.எம்.பி. புற்றுநோயை உண்டாக்கும் என்று படித்தோம். உண்மையா?

உண்டாக்குகிறது என்று நிரூபிக்கப்படவில்லை, ஆனால் என்.எஃப்.1 குடும்பங்கள் இந்தக் கேள்வியை மற்றவர்களைவிட அழுத்தமாகக் கேட்க வேண்டும். இந்த மருந்தை விற்கும் நிறுவனத்தின் ஆய்வுத் தரவுகள் அனைத்தையும் வெளியாள்கள் தனித்தனியே அலசிய இரண்டு மதிப்பாய்வுகள் 2013இல் வந்தன. பெரியவர்களிடம் பி.எம்.பி.-2, இடுப்பெலும்புத் துண்டைவிடப் பெரிய மேன்மை எதையும் காட்டவில்லை என்றும், புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும் என்றாலும் எண்ணிக்கை சிறியதென்றும் அவை கூறின. கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியபோது தொண்டை வீங்கி மூச்சுக்கே ஆபத்தான நேர்வுகள் குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008இல் எச்சரித்தது.

அந்த மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே, வளர்ச்சி முடியாத எலும்பில் பயன்படுத்தக் கூடாது, கட்டி இருக்கும் அல்லது கட்டியை அகற்றிய இடத்துக்கு அருகே வைக்கக் கூடாது என்ற தடைகள் உள்ளன. என்.எஃப்.1இல் நோயாளி பெரும்பாலும் குழந்தை; முதுகெலும்பை ஒட்டியே நரம்புக் கட்டிகள் இருப்பதும் வழக்கம்; அத்துடன், வாழ்நாளில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு நரம்பு உறைப் புற்று வரும் ஆபத்தும் உண்டு. ஆகவே, பி.எம்.பி. இந்த நோயில் அனுமதிக்கு வெளியே எடுக்கப்படும் முடிவு. முன்பக்கமும் பின்பக்கமும் செய்தும் ஒட்டாத முதுகில் மறுபடி கத்தி வைக்கும்போது அந்த ஆபத்தை ஏற்பதற்கு நியாயம் இருக்கலாம். முதல் அறுவையிலேயே வழக்கமாக வைப்பதற்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அறுவைக்கு முன் முழு முதுகுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அறிந்துகொள்வது எப்படியும் அவசியம்.

கட்டிகளுக்குக் கொடுக்கும் மெக் தடுப்பு மருந்து எலும்புக்கும் உதவுமா?

கோட்பாட்டளவில் இதுவே நோயின் வேருக்கு அருகில் போகும் மருந்து. ராஸ் எரிந்துகொண்டே இருப்பதை மெக் என்ற படியில் மறிப்பது இதன் வேலை. அறுக்க முடியாத, தொல்லை தரும் பின்னல் நரம்புக் கட்டிகளுக்காக இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு செலுமெடினிப் 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2025இல் மிர்டாமெடினிப் வந்தது. பின்னது ஆய்வகப் பெயரில் இருந்த காலத்திலேயே, என்.எஃப்.1 கெட்ட எலிகளில் பி.எம்.பி.-2உடன் சேர்த்துக் கொடுத்தபோது எலும்பு கூடுதலாக உருவானதை ஆய்வுகள் காட்டின. தளர்ந்த கட்டும் கையைத் தூக்கிவிடும் வழி இதில் இருக்கலாம் என்பதால், பி.எம்.பி.க்கு அடுத்த துணையாக எனக்கு அதிக எதிர்பார்ப்பு இதன்மேல்தான். ஆனால் எலும்பு இணைவுக்காக இவை எதற்கும் அனுமதி இல்லை. தோல் வெடிப்பு, நகக்கண் சீழ், இதயத்தின் பம்பிங் திறன் குறைதல் போன்றவை இருப்பதால் எக்கோ எடுத்துக் கண்காணிக்கிறார்கள். ஏற்கெனவே இதைச் சாப்பிட்டுவரும் பிள்ளைக்கு முதுகு அறுவை வந்தால், எப்போது நிறுத்தி எப்போது தொடர்வது என்பதை இரு மருத்துவர்களும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது.

கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை உதவும் என்கிறார்களே?

ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த லோவாஸ்டாட்டின், ராஸ் புரதம் செல்லின் சவ்வில் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கிறது. எலிகளில் எலும்பு முறிந்த இடத்திலேயே சிறிதளவு வைத்தபோது பலன் கிடைத்தது. விழுங்கிய மாத்திரையோ பெரும்பாலும் கல்லீரலில் தங்கிவிடும்; எலும்புக்குப் போதிய அளவு போய்ச் சேராது. மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று தானாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு சுவையான கண்டுபிடிப்பும் உண்டு. என்.எஃப்.1 இழந்த எலும்புச் செல்கள் பைரோபாஸ்பேட் என்ற பொருளை மிகுதியாகச் சுரந்து, கனிமம் படிவதைத் தாமே தடுத்துக்கொள்கின்றன. அதைச் சிதைக்கும் அஸ்ஃபோடேஸ் ஆல்ஃபா என்னும் நொதி மருந்து எலிகளின் எலும்பைத் தேற்றியதாக 2014இல் அறிவிக்கப்பட்டது. இந்த மருந்து வேறொரு அரிய எலும்பு நோய்க்கு 2015இல் அனுமதி பெற்றது. விலை சாதாரணக் குடும்பங்களால் நெருங்க முடியாதது.

எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் டெரிபாரடைட் ஊசி?

வயதான பெண்களின் எலும்பு மெலிவில் முதுகெலும்பு இணைவுக்கு இது உதவுவதற்குச் சான்று உண்டு. வளரும் குழந்தைகளுக்கு இதைக் கொடுப்பதில்லை. எலும்பில் புற்று வரும் ஆபத்தைக் கூட்டலாம் என்ற பழைய அச்சம் காரணமாக, கட்டி உருவாகும் தன்மை கொண்ட மரபணு நோய்களில் பெரியவர்களுக்கும் தயங்குகிறார்கள்.

எளிதில் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா?

உண்டு, விலையும் குறைவு. என்.எஃப்.1 உள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்தியும் வைட்டமின் டி அளவும் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. அறுவைக்குச் சில மாதங்கள் முன்பே இரத்தத்தில் வைட்டமின் டியைப் பார்த்துச் சரிசெய்யலாம். பெரியவர்கள் புகைப்பதை நிறுத்தியாக வேண்டும். புகையிலை இணைவைக் கெடுப்பது ஐயமின்றித் தெரிந்தது. அறுவைக்குப் பிறகு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் நீண்ட நாள் தொடர வேண்டாம்.

எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய் உள்ள என் மகனுக்கும் இவையெல்லாம் பொருந்துமா?

ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்னும் அந்த நோயில் கோளாறு பெரும்பாலும் கொலாஜனில் இருக்கிறது, கதை வேறு. அங்கே பிஸ்பாஸ்போனேட் 1990களிலிருந்தே வழக்கமான சிகிச்சை. திருகு பிடிக்குமா என்பதுதான் அங்கே அறுவை மருத்துவரின் முதல் கவலை.

அறுவைக்குப் பிறகு எலும்பு இணைந்துவிட்டது என்று எப்போது தெரியும்?

ஆறு மாதத்துக்கு முன் யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். எக்ஸ்ரேயில் கம்பி நேராக இருப்பதைக் கண்டு ஆறுதல் அடையாதீர்கள், கம்பி நேராக இருப்பது கம்பியைப் பற்றி மட்டுமே சொல்கிறது. ஐயம் இருந்தால் சி.டி. எடுப்பார்கள். அதன் சன்னமான வெட்டுப்படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கும்போது, வெண்மையான எலும்புப் பாளம் ஒரு முள்ளெலும்பிலிருந்து அடுத்ததற்கு இடைவெளியின்றிப் போக வேண்டும். நடுவே மயிரிழைபோல் ஒரு கறுப்புக் கோடு குறுக்கே ஓடினால் அதுதான் போலி மூட்டு. அந்தக் கோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். என்.எஃப்.1இல் இன்னொன்றும் உண்டு. நன்றாக இணைந்த பாளத்தையும் உப்பிய தண்டுவட உறை உள்ளிருந்து மெல்ல அரித்துவிடக்கூடும். அதனால் மற்ற பிள்ளைகளைப்போல் 'இரண்டு ஆண்டு பார்த்தோம், போதும்' என்று விடாமல், வளர்ச்சி முடிந்த பிறகும் இவர்களைத் தொடர்ந்து படம் எடுத்துப் பார்க்கிறார்கள்.